கட்டுப்பாடே இல்லாத சந்தை ஏகபோகத்தைத் தடுக்குமா, நுகர்வோரைக் காக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில், கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வகுப்பிலும், பெற்றோரோடு பேசும்போதும், சாமான் வாங்கும் கடையிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு சாரார் "எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், சந்தை பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். இன்னொரு சாரார் "எல்லாவற்றையும் அரசாங்கமே எடுக்கட்டும்" என்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில்.

ஏகபோகம் என்றால் சந்தையில் ஒரே ஒரு கம்பனி இருப்பதுதானே சேர்?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான். பரீட்சையிலும் அப்படியே எழுதுங்கள். ஆனால் வாங்குபவருக்கு முக்கியமான கேள்வி வேறு: விலையைக் கூட்டிய பிறகும் வாடிக்கையாளரை இழக்காமல் இருக்கும் பலம் யாரிடமாவது இருக்கிறதா? அந்தப் பலம் இரண்டு மூன்று கம்பனிகளிடமும் இருக்கலாம்.

கோதுமை மாவைப் பாருங்கள். நீண்ட காலம் திருகோணமலையில் உள்ள பிரிமா ஆலை ஒன்றுதான் இருந்தது. 2008இல் செரண்டிப் வந்தது. இன்றைக்கும் நாட்டின் பாண், பராட்டா, கொத்து எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு ஆலைகளின் மாவை நம்பித்தான் இருக்கின்றன. இரண்டும் அடுத்தடுத்து விலையைக் கூட்டினால் பேக்கரிக்காரருக்குப் போக்கிடம் இல்லை.

ஒரு கடைக்காரன் விலையைக் கூட்டினால் நாங்கள் பக்கத்துக் கடைக்குப் போவோம். இதற்கு எதற்குச் சட்டம்?

பக்கத்துக் கடை இருக்கும் இடத்தில் நீங்கள் சொல்வது சரி. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை பவுன் விலையைத் தன்னிஷ்டத்துக்கு ஏற்ற முடியாது; இரண்டு கடை தள்ளி அதே சங்கிலி தொங்கும். புறக்கோட்டையில் துணி வாங்கியவர்களுக்கும் இது தெரியும்.

போட்டி என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு. 2002 ஆகஸ்ட் வரை அந்த உரிமை ஸ்ரீலங்கா டெலிகொம் ஒன்றிடம் மட்டுமே இருந்தது. லண்டனிலும் டொரொண்டோவிலும் பிள்ளைகள் இருந்த வீடுகளில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்கள். 2003இல் பல கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது, கட்டணம் மளமளவென்று இறங்கியது. ஆனால் அந்தப் போட்டி வந்த விதத்தையும் பாருங்கள். புதிதாக வருபவரின் இணைப்பு டெலிகொம் வாடிக்கையாளரைப் போய்ச் சேராவிட்டால் அதை யார் வாங்குவார்? பழைய கம்பனி தன் வலையமைப்பில் புதியவரையும் இணைக்கவேண்டும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விதி செய்யவேண்டியிருந்தது. பக்கத்துக் கடை திறப்பதற்கே ஒரு விதி வேண்டியிருந்தது.

ஏகபோகக்காரன் கொள்ளை லாபம் பார்த்தால் அதைப் பார்த்துப் புதியவன் வருவான்தானே? அது தானாகவே உடையாதா?

சில நேரம் உடையும். அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும், அதுவரை யார் விலை கொடுப்பது என்பதுதான் என் கவலை. புதியவர் உள்ளே வர முடியாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு: பெரும் முதல் தேவைப்படுவது, விநியோகஸ்தர்களைப் பழைய கம்பனி "எங்கள் சாமானை மட்டும் விற்க வேண்டும்" என்று கட்டிவைத்திருப்பது, புதியவர் வந்ததும் அவர் களைக்கும்வரை நட்டத்துக்கு விற்று அவரைத் துரத்துவது.

அரிசியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் ஒரேயடியாக வரும். விவசாயிக்குக் கடன் இருக்கிறது, காயவைக்க இடமில்லை, உடனே விற்றாக வேண்டும். அந்தச் சில வாரங்களில் யார் கையில் காசும் களஞ்சியமும் இருக்கிறதோ அவரிடம்தான் நெல் போய்ச் சேரும். பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளிடம் இரண்டும் இருக்கின்றன. சின்ன ஆலைக்காரர் வாங்கிய நெல்லைக் குத்தி விற்றால்தான் அடுத்த சுற்றுக்குக் காசு. மாதக்கணக்கில் வைத்திருக்க அவரால் முடியாது. ஆகவே வருடக் கடைசியில், நெல் குறையும் நேரத்தில், சந்தைக்கு எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கும் பலம் சிலரிடம் மட்டும் மிஞ்சுகிறது.

வெளிநாட்டு அரிசி வந்தால் இந்தப் பிடி தளரும். ஆனால் இறக்குமதியை அரசாங்கம் சாதாரணமாகப் பூட்டியே வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் தட்டுப்பாடு முற்றிய பிறகு தனியாருக்குக் கொஞ்ச நாள் அனுமதி கொடுத்தது, அதுவும் கிலோவுக்கு 65 ரூபா வரியோடு. விவசாயியைக் காக்க இந்தப் பூட்டு வேண்டும் என்பார்கள். நெல்லை விற்ற விவசாயிக்கு டிசம்பர் விலையில் என்ன பங்கு கிடைக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஒயில் விலையைக் குறைத்துக்கொண்டே போனதாம். பிறகு எதற்கு அதை உடைத்தார்கள்?

யூரியூப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் கேட்பது. கேள்வியில் உண்மை இருக்கிறது. அந்த எண்ணெய்க் கம்பனி வளர்ந்த காலத்தில் மண்ணெண்ணெய் விலை இறங்கியது. ஒரு காலத்தில் அமெரிக்கச் சுத்திகரிப்பில் சுமார் 90 வீதத்தைக் கையில் வைத்திருந்த கம்பனி, 1911இல் உச்ச நீதிமன்றம் அதை 34 கம்பனிகளாகப் பிரிக்கச் சொன்னபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. 1901இல் டெக்சாஸில் பெரிய எண்ணெய்க் கிணறு கிடைத்ததும் புதிய போட்டியாளர்கள் எழுந்தார்கள்.

ஆனால் அது அந்த உயரத்துக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். திறமையோடு கூடவே, ரயில் கம்பனிகளிடம் இரகசியத் தள்ளுபடி வாங்கிப் போட்டியாளர்களை நெருக்கியது. விற்றுவிட்டுப் போவதைத் தவிர அவர்களில் பலருக்கு வழி இருக்கவில்லை. சந்தை அதைத் தளர்த்தத் தொடங்க ஒரு தலைமுறை எடுத்தது. அதுவும் நிலத்தடியில் புதிதாக எண்ணெய் கிடைத்த பிறகு. அப்படி ஒரு அதிர்ஷ்டம் எல்லாத் துறைக்கும் வராது.

ஹொங்கொங்கில் ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் நன்றாகத்தானே ஓடியது?

துறைமுகம் திறந்திருந்ததால் வெளியிலிருந்து வரும் பொருட்களில் போட்டி நன்றாகவே இருந்தது. உள்ளூர்ச் சில்லறை வியாபாரம் வேறு கதை. சுப்பர்மார்க்கெட்டுகளில் இரண்டு பெரிய சங்கிலிகள்தான் ஆதிக்கம். பிரான்சின் கர்ஃபூர் போன்ற பெரிய நிறுவனமே 1996இல் வந்து 2000இல் மூட்டை கட்டியது. கடைசியில் ஹொங்கொங்கும் 2012இல், கம்பனிகள் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் இயற்றி 2015 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுதந்திரச் சந்தைக்கு உதாரணமாகக் காட்டப்படும் ஊரே அந்த முடிவுக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டில் ஏகபோகத்தை உண்டாக்கியதே அரசாங்கம்தானே? பிறகு அதனிடமே போய்க் காப்பாற்று என்று கேட்பதா?

இதைக் கேட்பவர்கள் பக்கம் பெரிய நியாயம் இருக்கிறது. பெற்றோலியத்தை 1960களில் அரசு தன் கைக்குள் எடுத்தது. 2003இல் லங்கா ஐஓசி என்ற இந்திய எண்ணெய்க் கம்பனி வரும்வரை வேறு கடை இல்லை. சமையல் காஸை 1995இல் ஷெல் நிறுவனத்துக்கு விற்றபோது, ஐந்து வருடத்துக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்ற உறுதியோடு விற்றது. அதாவது அரச ஏகபோகத்தைத் தனியார் ஏகபோகமாக மாற்றிவிட்டு, அதற்குத் "தாராளமயம்" என்று பெயரிட்டது. லாஃப்ஸ் என்ற போட்டிக் காஸ் கம்பனிக்கு அந்தக் காலம் முடிந்த பிறகுதான் வர முடிந்தது. 2010இல் ஷெல்லின் பங்கை அரசே திரும்ப வாங்கி லிட்ரோ ஆக்கியது.

ஆகவே 1977இல் "திறந்த பொருளாதாரம்" வந்ததால் எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இதிலிருந்து "சட்டமே வேண்டாம்" என்ற முடிவுக்கு வர எனக்கு வழி தெரியவில்லை. ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு அடைக்கும் ஒப்பந்தத்தில் அமைச்சர் கையெழுத்திடும்போது, "இது செல்லாது" என்று சொல்ல ஒரு சட்டமும் அதைக் கையில் எடுக்கும் ஒரு அமைப்பும் வேண்டாமா?

இவ்வளவு யோசிப்பானேன்? விலையைப் போட்டு ஒரு வர்த்தமானி அடித்தால் சரிதானே?

அடித்துப் பார்த்தோமே. 2021இல் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபாவில் நிறுத்திவைக்கப்பட்டது. உலக விலை ஏறிக்கொண்டிருந்தது. அந்த விலைக்கு விற்றால் நட்டம் என்று இறக்குமதி சுருங்கியது, கடைகளில் சிலிண்டர் இல்லாமல் போனது. ஒக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்ததும் லிட்ரோ ஒரே தாவலில் 2,750 ரூபாவுக்குப் போனது. கட்டுப்பாடு இருந்தபோது பொருள் இல்லை, எடுத்தபோது விலை தாங்க முடியவில்லை.

2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு உச்ச சில்லறை விலை 230 ரூபா, மொத்த விலை 225 ரூபா என்று அறிவித்தார்கள். கொட்டாஞ்சேனையில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒருவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவருக்கு மேலே இருப்பவர் 225க்குத் தருவதில்லை, கூடக் கேட்கிறார், பில் தரவும் மாட்டேன் என்கிறார். 230க்கு மேல் விற்றால் 2021இல் திருத்திய நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி தனிநபருக்குக் குறைந்தது ஒரு இலட்சம், கூடியது ஐந்து இலட்சம் ரூபா தண்டம். அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: நாட்டரிசி விற்பதை நிறுத்துவது. பல கடைகளில் அதுதான் நடந்தது. பலம் மேலே ஆலையில் இருக்கிறது, தண்டம் கீழே கடையில் விழுகிறது. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

போர், வெள்ளம், திடீர்த் தட்டுப்பாடு வரும்போது கொஞ்ச நாளைக்கு விலைக் கட்டுப்பாடு உதவலாம். மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன களஞ்சியப் பலத்தை அது தொடுவதே இல்லை.

சீனி வரியைக் குறைத்தார்கள், விலை குறையவில்லை. அது சந்தையின் குற்றமா, அரசின் குற்றமா?

இரண்டும். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கான விசேட பண்ட வரியை 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு இறக்கினார்கள். ஒருவரோடொருவர் போட்டி போடும் இறக்குமதியாளர்கள் பலர் இருந்திருந்தால் அந்த 50 ரூபாவின் பெரும்பகுதி விலையில் இறங்கியிருக்கும். இறக்குமதி சிலரிடம் குவிந்திருந்ததால் அது அவர்கள் பெட்டியில் தங்கியது. போட்டி எவ்வளவு என்று பார்க்காமல் வரியைக் குறைத்தது அரசின் பிழை.

தரமில்லாத சாமானை விற்றால் பெயர் கெட்டுவிடும். அந்தப் பயமே போதாதா?

வாங்குபவர் பார்த்து, முகர்ந்து, ருசித்து அறியக்கூடிய பொருளுக்குப் பெருமளவு போதும். கொத்து ருசியில்லாத கடைக்கு யாரும் திரும்பப் போவதில்லை. அங்கே அதிகாரி தேவைப்படுவது சமையலறைச் சுத்தத்துக்கு மட்டும்தான்.

2021இல் சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னர் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் கண்டுபிடிக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். அது புற்றுநோய்க்குக் காரணமாகும் பூஞ்சண நஞ்சு. நிறத்தில் தெரியாது, மணத்தில் தெரியாது, வருடக்கணக்கில் உடம்பில் வேலை செய்யும். இருபது வருடம் கழித்து ஈரலில் நோய் வந்தவர் எந்தக் கடையின் பெயரைக் கெடுப்பார்? ஆய்வுகூடப் பரிசோதனை இருந்ததால்தான் அது வெளியே தெரிந்தது, எண்ணெயைத் திருப்பி அனுப்பச் சொல்லவும் முடிந்தது. மருந்தும் அப்படித்தான். 1937இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி சல்ஃபானிலமைட் மருந்தை நச்சுத் திரவம் ஒன்றில் கரைத்து விற்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் சிறுவர்கள். விற்பதற்கு முன் பரிசோதிக்கவேண்டும் என்று அன்றைக்குச் சட்டம் இல்லை. மருந்தின் பெயரைப் பிழையாக எழுதியதற்காகத்தான் அந்தக் கம்பனிமேல் வழக்குப் போட முடிந்தது. அடுத்த வருடமே சட்டத்தை மாற்றினார்கள். பெயர் கெட்டது உண்மை. பிள்ளைகள் போன பிறகு கெட்டது.

பணமும் இந்த வகைதான். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல நிதிக் கம்பனிக்கும் ஓட்டைக் கம்பனிக்கும் வித்தியாசம் தெரியாது. ஓட்டைக் கம்பனிதான் கூட வட்டி தரும். கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, வைப்புப் பணம் வாங்க மத்திய வங்கியின் அனுமதி இல்லாமலே வாங்கிக்கொண்டிருந்தது. 2008 டிசம்பரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கானோரின் ஓய்வூதியப் பணமும் சீதனக் காசும் அதற்குள் இருந்தது. அவர்களை "பேராசைக்காரர்" என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அந்தக் கம்பனி சேர்ந்திருந்த பெரிய குழுமத்தின் பெயரைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

அப்போ தனியார் நிறுவனமே பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கலாமே?

கொடுக்கலாம், பல இடங்களில் நன்றாகவே நடக்கிறது. சான்றிதழுக்கு யார் காசு கொடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். 2008 நிதி நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில் கடன் பத்திரங்களுக்குத் தரம் போட்ட நிறுவனங்களுக்கு, அந்தப் பத்திரங்களை விற்றவர்களே கட்டணம் கட்டினார்கள். மிக உயர்ந்த தரம் பெற்ற பத்திரங்கள் குப்பையாயின.

நட்டம் பட்டவன் வழக்குப் போடட்டும். நீதிமன்றம் எதற்கு இருக்கிறது?

அரிசியில் கிலோவுக்கு ஐந்து ரூபா கூடக் கொடுத்தவர் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய்ச் சட்டத்தரணி பிடிப்பாரா? ஒவ்வொருவருக்கும் சின்ன நட்டம், எல்லோருடையதையும் கூட்டினால் கோடிக்கணக்கு. இந்த வகை நட்டத்துக்கு வழக்கு மருந்தாவதில்லை. பெரிய நட்டத்திலும், கோல்டன் கீ வைப்பாளர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனவர்கள்தான். வயதானவர்களுக்கு வருடக்கணக்கில் காத்திருப்பதே தண்டனை.

கட்டுப்படுத்தும் அதிகாரியே கம்பனியின் சட்டைப்பைக்குள் போய்விட்டால்?

போவதுண்டு. 2010இல் கைத்தொலைபேசிக் கம்பனிகள் விலைப் போரில் இறங்கியிருந்தன, நமக்கு அழைப்பு மிக மலிவாகக் கிடைத்தது. அப்போது ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு "இதற்குக் கீழே விற்கக்கூடாது" என்று அடிவிலை விதித்தது. கம்பனிகள் நட்டத்தில் சாய்ந்துவிடும் என்பது காரணம். நுகர்வோரைக் காக்க வந்த அமைப்பு அன்றைக்கு யாரைக் காத்தது? மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய ஔடத அதிகார சபை 2015 முதல் இருக்கிறது. அப்படியிருந்தும் 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குள் போனது.

ஆகவே சட்டம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அந்த அமைப்பு எதைப் பார்த்து முடிவெடுத்தது என்பது பகிரங்கமாக இருக்கவேண்டும், தலைவரை அமைச்சர் நினைத்தபோது தூக்க முடியாதபடி இருக்கவேண்டும். மின் கட்டணத்துக்கு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பகிரங்கமாகக் கருத்துக் கேட்பது நல்ல வழக்கம். அதே ஆணைக்குழுவின் தலைவரைக் கட்டண உயர்வு பற்றிய இழுபறிக்குப் பிறகு 2023 மே மாதம் பாராளுமன்றம் வாக்கெடுத்து நீக்கியது. அடுத்து வருபவர் அதைப் பார்த்து என்ன பாடம் படிப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஃபோன் கம்பனி இருந்தது, இப்போது மூன்றுதான். இதுவும் ஏகபோகத்துக்குத்தான் போகிறதா?

அப்படி உடனே சொல்ல முடியாது. 2018இல் எடிசலாட் ஹட்சோடு சேர்ந்தது, 2024இல் எயார்டெல்லை டயலொக் எடுத்தது. கோபுரம், அலைக்கற்றை எல்லாம் செலவு பிடித்த விஷயங்கள். ஐந்து நோஞ்சான் கம்பனிகளைவிட மூன்று பலமானவை நல்ல சேவை தரலாம். மூன்றும் சேர்ந்து சோம்பேறியாகவும் ஆகலாம்.

இங்கே பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தொலைத்தொடர்பில் கேள்வி கேட்க ஆணைக்குழுவாவது உண்டு. நாளைக்கு இரண்டு சீமெந்துக் கம்பனிகளோ இரண்டு பெரிய அரிசி ஆலைகளோ ஒன்றாகச் சேர்ந்தால், "இது போட்டியைக் குறைக்குமா?" என்று முன்கூட்டியே பார்த்துத் தடுக்கும் பொது அதிகாரம் யாரிடமும் இல்லை. 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் ஏகபோகத்தையும் கம்பனி இணைப்பையும் விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2003இல் நுகர்வோர் விவகார அதிகார சபையை உருவாக்கிய 9ஆம் இலக்கச் சட்டம் பழையதை நீக்கியபோது அந்த இரண்டு அதிகாரமும் புதியதற்குள் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அப்படியே கிடக்கிறது. இதைப் பற்றி மேடையில் பேசும் அரசியல்வாதி மிகக் குறைவு. அரிசி மாஃபியா என்று கத்துபவர்கள் நிறைய.

பிக்மி, ஊபர் வந்த பிறகு ஓட்டோக்காரரோடு பேரம் பேசும் தொல்லை இல்லை. அதையும் போய் ஏன் கட்டுப்படுத்தவேண்டும்?

நன்மை உண்மைதான், குறிப்பாக இரவில் தனியாக வரும் பெண்களுக்கு. பயணி கூட இருக்கும் செயலிக்குத்தான் சாரதி போவார், சாரதி கூட இருக்கும் செயலியைத்தான் பயணி திறப்பார். அதனால் பெரியது மேலும் பெரிதாகும் இயல்பு இதில் உண்டு. இப்போதைக்குப் பிடியைத் தளர்த்துவது, ஒரே ஓட்டோக்காரர் இரண்டு செயலியையும் ஃபோனில் வைத்திருப்பதுதான். அதைத் தடுக்கும் நிபந்தனையைக் கம்பனிகள் போடக்கூடாது என்ற ஒரு விதி போதும். கட்டணத்தை அரசு எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.

கடையில் கூடுதல் விலை கேட்டால் இன்றைக்கு நான் என்ன செய்யலாம்?

பில்லைக் கேட்டு வாங்குங்கள். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலையைப் படமெடுங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். ஆனால் வர்த்தமானி பற்றிய பதிலில் சொன்ன சின்னக் கடைக்காரரையும் மனதில் வைத்திருங்கள். அவர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முறையிடுங்கள்.

சரி சேர், நாளைக்கே நல்லதொரு போட்டிச் சட்டம் வந்தால் அரிசி விலை இறங்குமா?

நாளைக்கு இறங்காது. சட்டம் விலையைத் தொடாது, விலையைத் தீர்மானிக்கும் பலத்தைத்தான் தொடும். பெரிய ஆலைகள் தங்களுக்குள் பேசி விலை வைத்தால் அதை விசாரித்து, வருமானத்தில் ஒரு வீதத்தைத் தண்டமாக அறவிடலாம். கூட்டுச் சதியில் இருந்தவர்களில் முதலில் வந்து சொல்பவருக்குத் தண்டத்தைக் குறைக்கும் முறை பல நாடுகளில் உண்டு. ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் போவதால் சதி உடைகிறது. அப்புறம், கம்பனிகள் சேருவதற்கு முன் அனுமதி வாங்கவேண்டும்.

இதில் விட்டுக்கொடுக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. அரச கம்பனிகளும் அந்தச் சட்டத்துக்குள் வரவேண்டும். 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் வெடித்து வீடு வீடாகப் பயம் பரவியபோது, சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் என்ன அளவில் கலந்திருக்கிறது என்று வாங்கியவர் யாருக்கும் தெரியாது. சந்தையின் பெரும்பங்கு அரசுக்குச் சொந்தமான லிட்ரோவிடம் இருந்தது. சட்டத்தோடு கூடவே, சின்ன ஆலைகளுக்கு அறுவடைக் காலக் கடனும் நெல்லை வைக்கப் பொதுக் களஞ்சியமும், எப்போது என்ன வரியோடு அரிசி இறக்குமதி திறக்கும் என்று வருடத் தொடக்கத்திலேயே எழுதிவைத்த விதியும் வேண்டும். இவை சேர்ந்தால், இரண்டு மூன்று போகம் கடந்து, டிசம்பரில் நாட்டரிசி தேடி அலைவது குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.